கல்லும் காரையும் – 9: பாரம் தாங்கும், தள்ளு தாங்காது

எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு மாணவராக இருந்தபோது காந்தமும் கம்பியுமாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்த நிலவறை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இன்றும் இருக்கிறது. அவர் படித்த கேன்டர்பரி கல்லூரி 1970களில் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. ஒரு காலத்தில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும்கூட இயங்கிய அந்தப் பழைய வளாகம் கலை மையமானது. கருங்கல் சுவர், ஓரங்களில் வெளிறிய சுண்ணக்கல் என்று 23 கட்டடங்கள். 2010 செப்டம்பர் 4 அன்று ஒரு நிலநடுக்கம், 2011 பிப்ரவரி 22 அன்று இன்னொன்று. 22 கட்டடங்கள் அடிபட்டன.

அவ்வளவு கனமான சுவர் எப்படி விழும்? கனம்தான் காரணம். நிலம் பக்கவாட்டில் உலுக்கும்போது, எடை கூடக் கூட சுவரைத் தள்ளும் விசையும் கூடும். அந்தக் காலத்துக் கொத்தனார் மேலிருந்து இறங்கும் பாரத்துக்குத்தான் சுவர் வைத்தார். வெளியே செதுக்கிய கல், உள்ளே செங்கல், நடுவில் சல்லியும் காரையும். தளத்தைத் தாங்கும் மர உத்திரங்களின் முனை சுவர்ப் பொந்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரே வீட்டில் தனித்தனி உலை வைத்த பங்காளிகள்போலச் சுவர் ஒரு பக்கம் ஆடும், தளம் ஒரு பக்கம் ஆடும். கூரையை ஒட்டி முக்கோணமாக எழும் சுவர்தான் முதலில் வெளியே சாயும்.

ஆகவே பொறியாளரின் முதல் வேலை இந்தப் பங்காளிகளைச் சேர்த்துவைப்பது. உத்திரங்களின்மேல் பிளைவுட் பலகைகளை நெருக்கமாக அறைந்து, தளம் முழுவதையும் ஒரே தகடாக்கி, சுவரோடு போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். அடுத்த வேலை இன்னும் சாமர்த்தியமானது. சுவரின் உச்சியிலிருந்து அடித்தளம்வரை துளையிட்டு, எஃகுக் கம்பியை இறக்கி, முறுக்கி இழுத்துப் பூட்டுகிறார்கள். லாரியிலிருந்து செங்கல் இறக்குபவரைக் கவனியுங்கள். ஐந்தாறு கல்லை வரிசையாக இரு பக்கமும் அழுத்திப் பிடித்துத் தூக்குவார், நடுக்கல் விழாது. கல்லுக்கு அழுத்தம் பிடிக்கும், இழுப்பு பிடிக்காது. முன்கூட்டியே அழுத்திவைத்தால், உலுக்கல் வரும்போது அந்த அழுத்தம் கழியுமே தவிரச் சுவர் எளிதில் பிளக்காது.

மூன்றாவது வழியில்தான் எனக்கு நெருடல். உள்பக்கச் செங்கல் அடுக்கை எடுத்துவிட்டு, அங்கே கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவது. வெளியே நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பழைய கட்டடம் என்று எதைச் சொல்வது, கண்ணுக்குத் தெரியும் கல்லையா, அதைத் தாங்கி நின்ற முறையையா? ஆனாலும் அந்த நகரத்தில் இடித்துத் தள்ளப்பட்ட பழைய கட்டடங்களை நினைத்தால், அரைமனதோடு சம்மதிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வளாகத்தின் வானாய்வுக் கோபுரம் பிப்ரவரி உலுக்கலில் முழுதாகச் சரிந்தது. உள்ளே இருந்தது 1864இல் செய்த தொலைநோக்கி. இடிபாட்டைக் கிளறியபோது குழாய் நசுங்கிக் கிடந்தது, முகப்பு வில்லையில் ஒரு விரிசல்கூட இல்லை. கோபுரத்தை மறுபடி எழுப்பி, பழுதுபார்த்த தொலைநோக்கியை மேலே ஏற்றிவிட்டார்கள்.