ஆளுக்கொரு மாடி தைப்போமா?

சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் வருகிறீர்களா? நகரத்தார் தண்டாயுதபாணி ஆலயத்தில் சாமி கும்பிட்டு, ரதம் பார்த்தபின் பிள்ளைகளைச் சாய்ந்த கோபுரத்துக்கு அழைத்துப் போங்கள். 1885-இல் கட்டியது, வெளியே 8 மாடி தெரியும், உள்ளே 3 தான். தண்ணீர்த் தொட்டியின் பாரத்தால் இளகிய மண்ணில் சாய்ந்தது.

வீடு திரும்பியதும் அதையே கிராஸ் ஸ்டிச்சில் தைக்கலாம். அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணி வாங்குங்கள். மாடிக்கு 14 வரிசை. மாடி மாறும்போதெல்லாம் ஒரே பக்கமாக ஒரு கட்டம் நகர்த்தினால் கோபுரம் சாயும். ஆளுக்கொரு மாடி; மேல் தையல் மட்டும் எல்லோருக்கும் ஒரே திசையில் விழவேண்டும்.

கோலாலம்பூர் திரும்பும் பிள்ளைகளின் முடியாத மாடி அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்கட்டும். பாட்டிக்குக் கண் மங்கலா? ஊசி கோத்துக் கொடுங்கள். கீழ்மாடி அவருடையது.