அலெக்சாந்திரியா: விளக்கும் நூலகமும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

எகிப்து நாட்டின் வடகரையில், மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்த துறைமுக நகரம் அலெக்சாந்திரியா. கி.மு. 331-இல் மாவீரன் அலெக்சாந்தர் இதை நிறுவினான். அன்புத் தோழியரே, கற்பனைக் கப்பலேறி அந்நகரைப் பார்த்து வருவோமா?

துறைமுக முனையில் தெரிவது காயிட்பே கோட்டை. 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் காயிட்பே கட்டியது. பழைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றான கலங்கரை விளக்கம் நின்ற இடமும் இதுவே. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற அது, பல நூற்றாண்டுகள் மாலுமிகளுக்கு வழி காட்டியது. நிலநடுக்கங்களால் 14-ஆம் நூற்றாண்டில் பாழடைந்தது. அதன் கற்களில் சில கோட்டைச் சுவரில் சேர்ந்தன. கடலடியில் கிடந்த பெருங்கற்களை 1994 முதல் நீரில் மூழ்கி ஆராய்ந்து வருகிறார்கள்.

பழந்தமிழகத்துக்கும் இந்நகருக்கும் தொடர்பு உண்டு. முசிறியிலிருந்து வந்த சரக்கை அலெக்சாந்திரியாவில் சேர்ப்பது பற்றிய கி.பி. 2-ஆம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று, பாப்பிரஸ் ஏட்டில் இன்றும் இருக்கிறது.

சரக்கைவிடப் பெரிய செல்வம் இங்கே இருந்தது. அது நூலகம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இருந்த நூல்களை வாங்கிப் படியெடுத்து, மூலத்தை நூலகத்தில் வைத்துக்கொண்டு, படியைத்தான் திருப்பிக் கொடுப்பார்களாம்! பழைய ஏற்பாடு கிரேக்க மொழியில் பெயர்க்கப்பட்டதும் இந்நகரில்தான். நூலகத் தலைவர் எரட்டோஸ்தனீஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். தெற்கே சையீன் நகரில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாளில், அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல் ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு. எவ்வளவு எளிய வழி!

இந்த நூலகம் ஒரே நாளில் அழியவில்லை. போர்த்தீ, ஆதரவின்மை, பகைமை எல்லாம் சேர்ந்து சிறிது சிறிதாக அழித்தன. கி.பி. 415-இல் கணிதம் கற்பித்த ஹைப்பேஷியா அம்மையாரை ஒரு கும்பல் இந்நகரில் கொன்றது. அக்கும்பலில் இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்று எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆயினும் உண்மையை மறைப்பது நியாயமாகாது.

பழைய நூலகம் இருந்த பகுதிக்கு அருகே 2002-இல் புதிய நூலகம் திறக்கப்பட்டது. கடலிலிருந்து எழும் சூரியனைப் போன்ற சாய்ந்த வட்டக் கூரை. உலகின் பல மொழி எழுத்துகள் செதுக்கிய கருங்கல் சுவர். 2011-இல் நாட்டில் கிளர்ச்சி மூண்டபோது இளைஞர்கள் கைகோத்து நின்று இந்த நூலகத்துக்குக் காவலாக இருந்தார்கள். முன்னொரு காலத்தில் அறிவைக் காக்கத் தவறிய நகரம், இம்முறை காத்துக்கொண்டது.

தோழியரே, நம் பள்ளி நூலகப் புத்தகத்திலிருந்து ஒரு படத்தைக் கிழிக்கக் கை நீளும்போது, கைகோத்து நின்ற அந்த இளைஞர்களை நினைத்துக்கொள்வோம்.