மண்பாதைக்குப் பழைய பைக் வாங்குகிறவர்களுக்கு

புனேயில் ஜூன் மாதம் மழை இறங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகளை வீட்டில் பார்க்க முடிவதில்லை. ஒரு காலத்தில் சிங்ககட் கோட்டைக்கு ஏறி, சூடாக வெங்காய பஜ்ஜியும் மண்சட்டித் தயிரும் சாப்பிட்டுத் திரும்புவதோடு சரி. இப்போது முல்ஷி, பவனா அணைப் பக்கம் தார் ரோடு முடிகிற இடம்தான் அவர்களுக்குத் தொடக்கம். அதற்கப்பால் செம்மண்ணும் பாறையும் ஓடை நீருமாகக் கிடக்கிற பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது ஒரு விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. ‘டிரெயில் ரைடிங்’ என்று பெயர். பெங்களூர் அன்பர்கள் நந்தி மலையின் சுற்றுப்புறத்தைச் சொல்வார்கள். வடக்கே இருப்பவர்களுக்கு இமயமலை அடிவாரம்.

“பையன் பழைய டர்ட் பைக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான், வாங்கலாமா?” என்று பெற்றோர்கள் சிலர் கேட்கிறார்கள். சில வீடுகளில் இப்போது பெண்ணும் கேட்கிறாள். வாங்கலாம். ஆனால் ஆபீசுக்குப் போய்வர வண்டி வாங்குகிற அதே கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது. ஆபீஸ் வண்டிக்கு ஓடிய கிலோமீட்டர் ஒரு கணக்கு. காட்டுப்பாதை வண்டியில் மீட்டர் பெரிதாக ஒன்றும் சொல்லாது. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மலையில் ஒரு நாள் முழுக்கத் திணறிய வண்டி, மாலையில் 40 கிலோமீட்டர்தான் காட்டும். எத்தனை முறை விழுந்தது, எவ்வளவு தண்ணீரில் இறங்கியது, எவ்வளவு தூசி தின்றது என்பதுதான் அதன் வயது. நடுவழியில் படுத்துவிட்டால் அங்கே மெக்கானிக் கிடையாது, செல்போனுக்கு சிக்னலும் இருக்காது. ஆகவே இது பணத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

எந்த வண்டி?

இந்த ரக வண்டிகளின் தோற்றத்துக்குக் காரணம் உண்டு. முன்சக்கரம் 21 அங்குலம் இருந்தால் பள்ளத்தில் விழாமல் கல்லின்மேல் ஏறிப் போகும். ஆரக்கம்பிச் சக்கரம் அடிபட்டால் வளையும், நிமிர்த்திக்கொள்ளலாம்; வார்ப்புச் சக்கரம் விரிசல் விட்டால் அத்தோடு போயிற்று. முன் மட்கார்டு சக்கரத்தை ஒட்டாமல் உயரத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. புனேக்குக் கிழக்கே கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாழ்ந்த மட்கார்டுக்குள் களிமண் அடைத்துச் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும்.

பழைய வண்டிச் சந்தையில் நம்மவர் கைக்கு எட்டுகிற விதத்தில் அதிகம் கிடைப்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2019-ல் வந்தது. முன்சக்கரம் 21, பின்சக்கரம் 18 அங்குலம், தரையிலிருந்து இடைவெளி 220 மில்லிமீட்டர். 2020-ல் பி.எஸ். 6 விதி வருவதற்கு முன் விற்றவற்றில் கார்புரேட்டர் வைத்த வண்டிகளும் உண்டு. கிராமத்து மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். பின்னால் வந்தவை எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். 2021 கடைசியில் நான்கு வால்வு என்ஜின் வந்தது. ஏற்றத்தில் அது மேல். முதல் வண்டியாக வாங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016-ல் 411 சி.சி.யில் வந்தது. நம் சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் வண்டி என்பதால் நமக்கு ஒரு பாசம் உண்டு. லடாக் வரை மூட்டை கட்டிக்கொண்டு போக அருமையான வண்டி. ஆனால் எடை 200 கிலோவை ஒட்டி வரும். ஒற்றையடிப் பாதைக்கு அது பாரம். 2011-ல் வந்த 150 சி.சி. ஹீரோ இம்பல்ஸ் இலேசானது, நல்ல வண்டி. ஆனால் தயாரிப்பு நின்று வருடங்கள் ஆகிவிட்டதால் சில உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டும். தவிர, முதலில் பதிவானவற்றின் 15 வருடப் பதிவுக்காலம் 2026, 2027-ல் முடிகிறது. நம் தலைமுறைக்காரர்கள் உடனே யமஹா ஆர்.எக்ஸ். 100 பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அது வேறு காதல். கல் பாதைக்கு வேண்டிய உயரம் அதற்குக் கிடையாது.

கவாஸாகி கே.எக்ஸ்., சுசுகி ஆர்.எம்.-இஸட் போன்ற பந்தய வண்டிகளும் சில சமயம் விலைக்கு வரும். ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் இல்லாத இவற்றை ரோட்டுக்குப் பதிவு செய்யவே முடியாது. டெம்போவில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோய் ஓட்ட வேண்டும். இவற்றின் என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டிய காலத்தைக் கிலோமீட்டரில் அல்ல, ஓடிய மணியில் கணக்கிடுகிறார்கள். விற்பவர் ஏன் விற்கிறார் என்பதற்கு விடை பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும். குடும்பத்துக்கு இது வேண்டாம்.

குதிரைசக்தியைப் பற்றி இளைஞர்கள் நிறையப் பேசுவார்கள். நான் கேட்கச் சொல்கிற கேள்வி ஒன்றுதான்: கீழே விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்த முடிகிறதா? எக்ஸ்பல்ஸின் எடை இரண்டு 75 கிலோ அரிசி மூட்டைக்குச் சற்று மேல். விற்பவரிடம் அனுமதி கேட்டுப் புல்தரையில் வண்டியை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஓட்டப் போகிறவரையே தூக்கச் சொல்லுங்கள். கியரில் போட்டுவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டுக்கு அடியிலும் பிடித்து, காலால் உந்தி எழ வேண்டும். இடுப்பால் தூக்கக் கூடாது. மூன்றாவது முறையும் தூக்க முடிகிறவருக்கு அந்த வண்டி சரி. சேற்றில் ஒரே நாளில் அதைவிட அதிகம் விழ நேரும். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால்களின் முன்பாதமாவது தரையில் பதிய வேண்டும். எக்ஸ்பல்ஸின் சீட் உயரம் 823 மில்லிமீட்டர், ஹிமாலயனுடையது 800.

வண்டியைப் பார்க்கும் விதம்

காலையில் போங்கள். “நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த என்ஜின் கிளம்பத் தகராறு செய்கிறதோ என்று சந்தேகப்பட இடம் உண்டு. கிளம்பியதும் சைலன்சரில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வெண்புகை வருவது ஈரம்தான், பயப்பட வேண்டாம்.

அடுத்து ஏர் ஃபில்டர். பழைய டர்ட் பைக்கில் ஒரே ஒரு இடத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள் என்பேன். சென்ற வருடம் ஹடப்சர் பக்கம் ஒரு வண்டியைப் பார்க்க நம் சங்கத்துப் பையன் ஒருவன் என்னைக் கூட்டிப் போனான். வண்டி கழுவித் துடைத்துக் கண்ணாடி மாதிரி நின்றது. விற்பவர் “ஏக் நம்பர் காடி” என்று நான்கு தடவை சொல்லிவிட்டார். “மாமா, முடிச்சுடலாமா?” என்று பையன் காதருகில் வந்து கேட்டான். மூடியைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்து, என்ஜினுக்குக் காற்று போகிற குழாயின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவி அவனிடம் காட்டினேன். மாவு அரைத்த மாதிரி செம்மண் தூசி. ஃபில்டருக்கு வெளிப்புறம் தூசி இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். உட்புறம் இருந்தால் அது என்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது. பிஸ்டனையும் சிலிண்டரையும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததற்குச் சமம். வெளியே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் என்ஜின் வேலை காத்திருக்கிறது. நாங்கள் டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

தண்ணீரின் கதையை ஆயில் சொல்லும். நல்ல ஆயில் தேன் நிறத்தில் இருக்கும், பழகியது கறுத்திருக்கும். பால் காபி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடையில் வண்டி மூழ்கி, என்ஜின் தண்ணீர் குடித்திருக்கலாம். மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருப்பதும், சக்கரத்தைக் கையால் சுற்றும்போது பேரிங்கில் கரகரவென்று சத்தம் வருவதும் அதற்குத் துணைச் சாட்சிகள்.

பிறகு எதிரில் நின்று முன்ஃபோர்க் குழாய்கள் இரண்டும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு முறை அழுத்தி விட்டு, குழாயைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது. சீல் பெரிய செலவில்லை. ஆனால் அந்த எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் வழிந்தால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் ‘டக்’கென்று உட்கார்ந்தால் கோன்செட் மாற்ற வேண்டும்.

ஆரக்கம்பிகளை ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்களே, அதே வித்தைதான். இறுகிய கம்பி ‘ணங்’ என்னும். தளர்ந்தது ‘டொக்’கென்று அடங்கும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். ஒரே பக்கத்தில் வரிசையாகத் தளர்ந்திருந்தால் ரிம் பாறையில் பலமாக அடிபட்டிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் நெளிவு தெரியும்.

கடைசியாகக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். என்ஜின் அடித்தகட்டில் கீறல்களும் சொட்டைகளும் இருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஹேண்டில்பார் தலைப்புறத்தில் சேஸிஸ் கூடுகிற இடம், ஃபுட்ரெஸ்ட் பிடிகள், சீட்டுக்குக் கீழே பின்சட்டம் ஆகிய மூன்று இடங்களில் பெயின்ட் வெடிப்போ, புது வெல்டிங்கோ, மற்ற இடத்துக்கு ஒவ்வாத புதுப் பெயின்ட்டோ தென்பட்டால் விலையைக்கூடக் கேட்காமல் எழுந்துவிடுங்கள். வளைந்த பிரேக் லீவர், தேய்ந்த ஹேண்ட்கார்டு, டாங்க் ஓரக் கீறல் இவற்றுக்கெல்லாம் முகம் சுளிக்க வேண்டாம். விழாத டிரெயில் வண்டி என்று ஒருவர் சொன்னால் அது டிரெயிலுக்கே போகாத வண்டி.

செயினும் ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்திருப்பது பேரம் பேசுவதற்கு நல்ல சாக்கு. பின்ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினைப் பின்னுக்கு இழுத்தால் பல்லை விட்டு எழும்பக் கூடாது. பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் செட்டாக மாற்ற வேண்டும். டயரும் அப்படியே. இந்தச் செலவுகளைக் கூட்டி விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நானா பேட் கடைகளில் விலையை முன்கூட்டியே விசாரித்துப் போனால் வாய் வலிக்காது. ஓட்டிப் பார்க்கும்போது மேல் கியரில் திடீரென ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். சத்தம் எகிறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. காட்டுப்பாதையில் பாதி நேரம் பாதிக் கிளட்சில்தான் போகும் என்பதால் இது அடிக்கடி காணும் குறை.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். கால்பங்கையாவது முதலிலேயே எடுத்து வைத்து ஹெல்மெட், முழங்கால் காப்பு, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ் வாங்க வேண்டும். மெதுவாக விழுந்தாலும் வண்டிக்கு அடியில் மாட்டுவது கணுக்கால்தான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு இந்த வண்டியைக் கொடுக்கும் பேச்சே கூடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வனவிலங்கு சரணாலயங்களுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் குற்றம். தாம்ஹினிப் பக்கம் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

காகிதங்கள்

இரண்டு மாநிலங்களில் கால் வைத்திருக்கிற நமக்கு இதில்தான் சிக்கல் அதிகம். ஊரில் மைத்துனரோ சித்தப்பா மகனோ வைத்திருந்த டி.என். வண்டியை ரயிலில் ஏற்றிக் கொண்டுவருவோம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து 28-ஆம் எண் படிவத்தில் என்.ஓ.சி. வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அந்த வரியைச் சேர்த்துப் பார்த்தால் சொந்தக்காரர் சலுகை விலையில் கொடுத்த வண்டி இங்கே வாங்குவதைவிடக் கூடுதலாகவே ஆகிவிடலாம்.

யாரிடம் வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன், அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ், கடன் விவரம் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் வண்டியில் சேறு துடைத்து ஒப்பிடுங்கள். பாங்க் கடன் பாக்கி இருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவத்தில் பாங்க் கையெழுத்து இல்லாமல் பெயர் மாறாது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். விற்றவர் ஒரே மாநிலம் என்றால் 14 நாட்களுக்குள்ளும், வெளிமாநிலம் என்றால் 45 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். பலரும் மறப்பது இதை. வண்டியைக் கையில் வாங்கும்போது தேதியோடு மணியையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் ஒரு டெலிவரி நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.