ஏரியின் மேல் எழுதிய பெயர்கள்

நூறு வருடங்களுக்கு முன் இன்றைய தியாகராய நகரில் பெரும்பகுதி தண்ணீர். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸ் போட் கிளப் அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறது.

1920களில் ஏரியைத் தூர்த்து மனை பிரித்தார்கள். அப்போது ஆட்சி நீதிக்கட்சியின் கையில். அதனால் புதுக் குடியிருப்பின் வரைபடமே அந்தக் கட்சியின் வருகைப் பதிவேடு போல ஆயிற்று. 1916இல் கட்சியைத் தொடங்கிய மூவருமே இங்கே இருக்கிறார்கள்: நகரின் பெயரில் 1925இல் மறைந்த பிட்டி தியாகராயர், ஒரு சாலையில் டாக்டர் டி.எம். நாயர், ஒரு பூங்காவில் நடேசனார். நடுப் பூங்கா, மாகாண முதல்வராக இருந்த பனகல் அரசருக்கு. உஸ்மான் ரோடு, 1934இல் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்ற முகமது உஸ்மானுக்கு. பாண்டி பஜாரின் அரசுப் பெயரும் அதே கட்சிக்காரர் ஒருவருடையதுதான்: சௌந்தரபாண்டியனார் அங்காடி.

இன்று புடவை எடுக்க வருகிற கூட்டத்துக்கு பனகல் என்றால் பஸ் நிறுத்தம், உஸ்மான் ரோடு என்றால் நகைக்கடை. 1970களின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை நீக்க அரசு முடிவெடுத்தது. நல்ல முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘நாயர்’ என்றே நாடறிந்த ஒருவரின் பெயரில் அதை எடுத்துவிட்டால், மிஞ்சுவதை வைத்து அவர் யாரென்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? சாதி போகட்டும், மனிதர் மறையக் கூடாது.

ஏரியும் முழுக்க மறந்துபோகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் தெரிவது வீடுகள்தான். நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்றே முகவரி எழுதுகிறார்கள். 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்கள் முழங்கால் தண்ணீரில் நின்றபோது எல்லோரும் வடிகாலைத்தான் திட்டினார்கள். வடிகால் குறை உண்மைதான். ஆனால் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வந்தது என்பதை அந்தப் பெயர்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தன.

மாநகராட்சி ஒவ்வொரு பெயர்ப் பலகையிலும் இரண்டே வரி சேர்க்கலாம்: இவர் யார், இங்கே முன்பு என்ன இருந்தது. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு முதல் வரி பயன்படும். வீடு வாங்க வருகிறவருக்கு இரண்டாவது வரி கட்டாயம் பயன்படும்.