பிரசவித்த தாயின் கண்ணீரும் பிள்ளையின் அச்சமும்



மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனித்திருந்து, இதற்கு முன்பே இறந்து போயிருக்கலாகாதா என்று கலங்கியதை அல்லாஹுத்தஆலா திருமறையின் 19-வது அத்தியாயத்தில் எடுத்துரைக்கின்றான். அச்சொல்லுக்காக அவர்களை அவன் கண்டிக்கவில்லை. கவலை வேண்டாமென்று ஆறுதல் கூறச் செய்தான். காலடியில் நீரூற்றைத் தந்தான். கனிந்த பழங்களை உதிரச் செய்து, உண்டு பருகிக் கண்குளிர்ந்திருக்கச் சொன்னான்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பகுதிகளில், பெற்று இருபது நாள் ஆன பெண் ஓயாது அழுகிறாள், பிள்ளையைத் தூக்க மறுக்கிறாள் என்று ஓதிப் பார்க்க அழைத்து வருகின்றார்கள். “காத்துப் பட்டிருக்கு ஹஜ்ரத்” என்பார் மாமியார். விசாரித்தால் வேறு செய்தி வெளிவரும். கணவர் ஏலத்தோட்ட வேலையாக மலைமேல். பிறந்தது மூன்றாவதும் பெண். இரவில் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள ஆளில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரக் கிராமப் பெண்களிடையே ஆய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவின்படி, பிரசவத்திற்குப் பின் 11 சதவீதத்தினருக்குப் புதிதாக மனச்சோர்வு கண்டது. அதனோடு தொடர்புடையவையாக அவர்கள் கண்டவை: வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்பகாலத் துன்பங்கள், ஒத்தாசைக்கு ஆளின்மை. பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுப்பவனைத் திருமறை (16:58) பழித்துரைத்த பின்னும், நம்மவர் முகம் கறுக்கத்தான் செய்கிறது!

இத்துயர் தாயோடு நிற்பதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் கருவுற்றிருந்த ஆயிரக்கணக்கான தாய்மார்களை மருத்துவ அறிஞர்கள் தொடர்ந்து கவனித்தனர். கர்ப்பத்தின் பிற்பகுதியில் கடும் பதற்றத்திலிருந்தோரின் பிள்ளைகளிடம், நான்கு வயதில் அச்சமும் அமைதியின்மையும் போன்ற குறைகள் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டன. பதற்றத்தில் தாயின் உடலில் கார்டிசால் என்னும் சுரப்பு மிகுகின்றது. அதில் ஒரு பகுதி நஞ்சின் வழியே சிசுவைச் சென்றடையும். எனினும் இது விதியென்று அஞ்ச வேண்டாம். அத்தகைய தாய்மாரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே வளர்கின்றனர்.

இதைக் கேட்டுவிட்டுத் தாயையே குற்றவாளியாக்கி விடாதீர்கள். பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் பொறுப்பைத் தந்தையின் மீதே அல்லாஹ் வைத்திருக்கின்றான் (2:233). தொழுகையை நீட்ட நாடி நின்ற நபி (ஸல்) அவர்கள், பிள்ளையின் அழுகுரல் கேட்டதும், தாயின் உள்ளம் பதறுமே என்று அதைச் சுருக்கினார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. நிஃபாஸ் காலத்தில், ஹனஃபி மத்ஹபின்படி அதிகபட்சம் 40 நாள் வரை, அவளுக்குத் தொழுகையே இல்லை. அடுப்படியை மட்டும் நாம் ஏன் விடுவிக்க மறுக்கிறோம்?

பிரசவித்த முதல் சில நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் தூக்கமின்மை, பிள்ளைமீது வெறுப்பு, ஓயாத பயம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். தன்னையோ பிள்ளையையோ மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். அவளைத் தனியே விடாதீர்கள். எங்களிடமும் வாருங்கள், ஓதித் தருகிறோம். மருத்துவமனைக்குப் போய்விட்டு வாருங்கள்.