தோற்றாலும் நம் குழுதான்!

உங்களிடம் ஒரு கேள்வி.

நீங்கள் ஆதரிக்கும் குழு தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றுவிட்டது. பதினைந்து குழுக்கள் உள்ள பட்டியலில் அதற்குப் பத்தாவது இடம். இனிமேல் பட்டம் வேண்டுமென்றால் ஐந்து நாளில் ஐந்து ஆட்டங்களை வென்றாக வேண்டும். ஒன்றில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்போதும் அந்தக் குழுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போவீர்களா? அல்லது, "போதுமப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவீர்களா?

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவில் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ரசிகர்களுக்கு இந்தச் சோதனைதான் வந்தது. அவர்களுடைய கதை நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். தோட்டத்துத் திடலில் நம் பிள்ளைகள் பந்தோடு ஓடும்போது, மழையில் நனைந்தபடி ஓரத்தில் நின்று கத்தியவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இராது.

உழவர் பிள்ளைகளின் கல்லூரி

நார்த் கரோலினா என்பது புகையிலையும் பருத்தியும் விளைந்த மாநிலம். அதன் தலைநகரமான ராலியில், 1887-ஆம் ஆண்டு, விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்க ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து இன்று ஸ்டேட் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அதன் கூடைப்பந்துக் குழுவுக்கு 'ஓநாய்க் கூட்டம்' என்று பட்டப்பெயர். நிறம் சிவப்பு. பெரிய வெற்றி கிடைத்த இரவில் கல்லூரியின் மணிக்கூண்டே சிவப்பு விளக்கொளியில் நிற்கும்.

அக்கம்பக்கத்தில் இரண்டு பெரிய போட்டியாளர்கள். ஒன்று, சாப்பல் ஹில் என்ற ஊரில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகம். 1795-இல் வகுப்புகளைத் தொடங்கிய பழம்பெரும் கல்விக்கூடம். மற்றொன்று, டர்ஹம் நகரத்தில் உள்ள டியூக். புகையிலை வியாபாரத்தில் செல்வம் சேர்த்த டியூக் குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. மூன்று ஊர்களும் ஐம்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரே அலுவலகத்தில், ஒரே தேவாலயத்தில், ஏன், ஒரே வீட்டில்கூட மூன்று குழுக்களின் ஆதரவாளர்கள் இருப்பார்கள். நேற்றிரவு தோற்ற குழுவின் ரசிகர் இன்று காலையில் வேலைக்குப் போனால், வென்ற குழுவின் ரசிகர் எதிரே நின்று சிரிப்பார். நமக்குப் பழக்கமான காட்சிதானே!

லீக் எப்படி நடக்கிறது?

கூடைப்பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். கல்லூரி ஆண்கள் ஆட்டம் இருபது நிமிடம் வீதம் இரண்டு பகுதிகள். பத்து அடி உயரத்தில் உள்ள வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டும். ஆட்டம் சமநிலையில் முடிவதே கிடையாது. புள்ளிகள் சமமானால் ஐந்து நிமிடக் கூடுதல் நேரம் தருவார்கள்.

கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் லீக் அமைத்துக்கொள்கின்றன. அதை அங்கே 'கான்ஃபரன்ஸ்' என்பார்கள். ஸ்டேட் குழு விளையாடுவது 1953-இல் தொடங்கிய அட்லாண்டிக் கோஸ்ட் லீக்கில். 1983-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் அதில் எட்டுக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொரு குழுவும் மற்ற ஏழு குழுக்களையும் இரண்டு முறை சந்திக்கும். சொந்த ஊரில் ஒரு முறை, அவர்கள் ஊரில் ஒரு முறை. ஆக மொத்தம் பதினான்கு ஆட்டங்கள். ஜனவரியில் அவர்கள் ஊரில் வாங்கிய அடியைப் பிப்ரவரியில் நம் ஊரில் திருப்பிக் கொடுக்கலாம்.

ரசிகனுக்கு இதில்தான் ருசி. எதிர்க் குழுவின் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் அவனுக்குத் தெரியும். யார் இடக்கையால் போடுவார், யாருக்குக் கடைசி நிமிடத்தில் கை நடுங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். எதிரி தண்ட வீச்சு எடுக்கும்போது, கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் மாணவர்கள் கைகளை ஆட்டியும் கூச்சலிட்டும் அவர் கவனத்தைக் கலைப்பார்கள்.

பட்டியல் முடிந்ததும் கதை முடிந்துவிடாது. மார்ச் மாதத்தில் லீக்கின் குழுக்கள் ஓர் ஊரில் கூடி, தோற்றவர் வெளியேறும் முறையில் மோதுவார்கள். அதில் வெல்லும் குழுவே லீக்கின் வெற்றிவீரர். தேசியப் போட்டியில் அதற்கு ஓர் இடம் நிச்சயம். பட்டியலில் எந்த இடம் என்பது, யார் யாரோடு மோதுவது என்பதைத் தீர்மானிக்கும். அந்த நாள்களில் நார்த் கரோலினாவின் பள்ளிக்கூடங்களில், ஆசிரியர்களே தொலைக்காட்சிப் பெட்டியை வகுப்பறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்கு ஆட்டத்தைக் காட்டுவதுண்டு.

கால் முறிந்த ஆண்டு

1983-ஆம் ஆண்டுக்கு வருவோம். ஸ்டேட் குழுவின் பயிற்றுநர் ஜிம் வால்வானோ. வாய் ஓயாமல் பேசி எல்லாரையும் சிரிக்கவைக்கும் மனிதர். தர்ல் பெய்லி, சிட்னி லோ, டெரெக் விட்டன்பர்க் ஆகிய மூன்று இறுதியாண்டு மாணவர்களும் குழுவின் தூண்கள். ஜனவரி 12-ஆம் தேதி வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தோடு மோதியபோது விட்டன்பர்க்கின் பாதத்தில் எலும்பு முறிந்தது. அவர்தான் தூரத்திலிருந்து பந்தைப் போடுவதில் வல்லவர். அன்றைய ஆட்டத்திலும் தோல்வி. ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அவர் இல்லாத வாரங்களில் குழு தட்டுத்தடுமாறி நடந்தது. எனினும் பிப்ரவரியில், மைக்கேல் ஜோர்டன் ஆடிய சாப்பல் ஹில் குழுவையே தங்கள் ஊரில் 70-63 என்று வீழ்த்தியது. விட்டன்பர்க் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் திரும்பி வந்தார். லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஆறு தோல்வி. பாராட்டவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

அட்லாண்டாவில் நடந்த லீக் இறுதிச் சுற்றில்தான் அதிசயம் தொடங்கியது. வேக் ஃபாரஸ்ட் குழுவை ஒரே புள்ளியில், 71-70 என்று வென்றார்கள். சாப்பல் ஹில்லைக் கூடுதல் நேரத்தில் 91-84. பிறகு, 7 அடி 4 அங்குல உயரமுள்ள ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய வெர்ஜீனியாவை 81-78.

வால்வானோவின் தந்திரம் எளிமையானது. பின்தங்கியிருக்கும்போது கடைசி நிமிடங்களில் வேண்டுமென்றே தவறிழைத்து எதிரியைத் தண்ட வீச்சுக்கு அனுப்புவார். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, தனியாக நின்று பந்தைப் போடுவது சுலபமா? எதிரி தவறவிட்டால் பந்து இவர்கள் கைக்கு வந்துவிடும்.

தேசியப் போட்டியிலும் அதே கதை. முதல் ஆட்டத்தில் பெப்பர்டைன் குழுவை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகுதான் வெல்ல முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் ஒரு புள்ளி வித்தியாசம். இப்படியே ஏப்ரல் 4-ஆம் தேதி இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எதிரே ஹியூஸ்டன் பல்கலைக்கழகம். ஒலாஜுவான், ட்ரெக்ஸ்லர் என்ற இரு பெரும் வீரர்களோடு, தொடர்ந்து 26 ஆட்டங்களை வென்றுவிட்டு வந்த குழு. புள்ளிகள் 52-52. கடைசி வினாடிகளில் விட்டன்பர்க் வெகுதூரத்திலிருந்து பந்தை வீசினார். பந்து வளையத்தை எட்டவில்லை. கீழே நின்ற லொரென்சோ சார்ல்ஸ் எம்பிப் பிடித்து அப்படியே உள்ளே அழுத்தினார். 54-52! கட்டிப்பிடிக்க ஆள் தேடி வால்வானோ அரங்கத்தில் அங்குமிங்கும் ஓடிய காட்சியை அமெரிக்கர்கள் இன்றும் போட்டுப் பார்க்கிறார்கள்.

புகழுக்குப் பின்னால்

வெற்றியோடு கதையை முடித்தால் உண்மையில் பாதியை மறைத்ததாகும். ஸ்டேட் ஆட்டக்காரர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட நுழைவுச் சீட்டுகளையும் காலணிகளையும் விற்றது விசாரணையில் தெரியவந்து, குழுவுக்குத் தண்டனை கிடைத்தது. 1990-இல் வால்வானோ பதவியை விட்டு விலகினார். 1992-இல் அவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கூறினர். 1993 பிப்ரவரியில், பத்தாண்டுக்கு முன் வென்ற குழுவினர் பழைய அரங்கத்தில் கூடியபோது, நோயோடு வந்து நின்று ரசிகர்களிடம் பேசினார். மார்ச் மாதம், ஒருபோதும் கைவிடாதீர்கள் என்று நாட்டுக்கே சொல்லி, புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஒரு நிதியத்தை அறிவித்தார். ஏப்ரல் 28-ஆம் தேதி காலமானார். வயது 47 மட்டுமே.

அதே கல்லூரியின் பெண்கள் குழுவை 1975 முதல் வழிநடத்திய கே யாவ் அம்மையாரையும் நாம் மறக்கக்கூடாது. 1987-இல் புற்றுநோய் கண்டும், மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் குழுவுக்குப் பயிற்சியளித்துத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் அவர். 2009-இல் கண்மூடும்வரை குழு அவரை விடவில்லை. அவரும் குழுவை விடவில்லை.

ஐந்து நாள், ஐந்து ஆட்டம்

ஆண்கள் குழு 1987-இல் மீண்டும் லீக் பட்டம் வென்றது. அதற்குப் பிறகு வறட்சிதான். அன்று பிறந்த குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளைக்கும் சிவப்புச் சட்டை வாங்கிக் கொடுக்கும் காலம் வந்துவிட்டது. பட்டம் மட்டும் வரவில்லை.

2024-இல் லீக் பதினைந்து குழுக்களாகப் பெருகியிருந்தது. இருபது லீக் ஆட்டங்களில் ஸ்டேட் குழுவுக்கு ஒன்பது வெற்றி, பதினொரு தோல்வி. பயிற்றுநர் கெவின் கீட்ஸை மாற்ற வேண்டும் என்று ரசிகர்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். இந்த நிலையில்தான் வாஷிங்டன் நகருக்கு வண்டி ஏறினார்கள்.

செவ்வாய்க்கிழமை லூயிவில் வீழ்ந்தது. புதன்கிழமை சிராகியூஸ். வியாழக்கிழமை டியூக்! வெள்ளிக்கிழமை வெர்ஜீனியாவிடம் கடைசி வினாடிகளில் மூன்று புள்ளிகள் பின்தங்கி நின்றார்கள். வெர்ஜீனியா ஆட்டக்காரர் தண்ட வீச்சைத் தவறவிட்டார். மைக்கேல் ஓ'கானல் பந்தோடு ஓடி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசினார். பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. 58-58! கூடுதல் நேரத்தில் 73-65 என்று வெற்றி.

சனிக்கிழமை சாப்பல் ஹில். அந்தப் பருவத்தில் அவர்களிடம் இரண்டு முறையும் தோற்றிருந்தார்கள். மூன்றாவது முறை 84-76 என்று வென்றார்கள். 6 அடி 9 அங்குல உயரமும் 275 பவுண்டு எடையும் கொண்ட டி.ஜே. பர்ன்ஸ், அந்த உடம்போடு நளினமாகச் சுழன்று பந்து போட்ட அழகை நாடே பார்த்தது. முப்பத்தேழு ஆண்டுக் காத்திருப்பு ஐந்து நாளில் தீர்ந்தது. வென்றவர்கள் ஏணியில் ஏறி வளையத்தின் வலையை அறுத்துக்கொண்டார்கள். கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த வழக்கத்தைப் பரப்பியவரும், 1940-களில் இதே ஸ்டேட் குழுவுக்குப் பயிற்றுநராக வந்த எவரெட் கேஸ்தான்.

அதோடு நிற்கவில்லை. மார்ச் 31-ஆம் தேதி ஆண்கள் டியூக்கை வென்று தேசியப் போட்டியின் கடைசி நான்கு குழுக்களில் ஒன்றானார்கள். அதே நாளில் பெண்கள் குழுவும் டெக்சஸை வென்று கடைசி நான்கில் நுழைந்தது. அரையிறுதியில் ஆண்கள் பர்டியூவிடமும் பெண்கள் சவுத் கரோலினாவிடமும் தோற்றார்கள்.

மறு ஆண்டு என்ன ஆயிற்று?

இதைச் சொல்லாமல் முடித்தால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். 2025-இல் லீக்கில் பதினெட்டுக் குழுக்கள். இறுதிச் சுற்றுக்கு முதல் பதினைந்து குழுக்களுக்கே அனுமதி. ஸ்டேட் குழு இருபது லீக் ஆட்டங்களில் ஐந்தை மட்டுமே வென்றது. முந்திய ஆண்டின் வெற்றிவீரர்களுக்கு வாசற்கதவே திறக்கவில்லை. பயிற்றுநர் கீட்ஸ் நீக்கப்பட்டார்.

பார்த்தீர்களா? பத்தாவது இடத்திலிருந்து கிண்ணத்தைத் தூக்கியவர்கள், பன்னிரண்டே மாதத்தில் வெளியே நின்றார்கள். வெற்றியை மட்டும் நம்பி வந்த ரசிகனுக்கு இங்கே ஒரே ஒரு வாரம்தான் மகிழ்ச்சி. மீதி முப்பத்தேழு ஆண்டும் ஏமாற்றம். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவுகளில் குளிரில் அரங்கத்துக்குப் போனவனுக்கும், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வானொலியில் ஆட்டம் கேட்ட தகப்பனுக்கும் கணக்கு வேறு. அந்த ஐந்து நாளின் ருசி முழுவதும் அவர்களுக்கே கிடைத்தது. மற்றவர்களுக்கு அது வெறும் செய்தி.

உங்கள் தோட்டத்திலோ, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலோ ஒரு குழு இருக்கலாம். போன மாதம் அது மோசமாகத் தோற்றும் இருக்கலாம். அடுத்த ஆட்டம் எந்த நாள் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். திடலோரத்தில் நிற்க ஆள் வேண்டும்.