மெதுவான இணையத்தில் ‘ரிமோட் டெஸ்க்டாப்’: சந்தேகங்களும் விளக்கங்களும்

அலுவலகக் கணினியை வீட்டிலிருந்தே இயக்க உதவும் விண்டோஸ் ‘ரிமோட் டெஸ்க்டாப்’, இணைய வேகம் குறைந்த இடங்களில் திணறுவது வழக்கம். இது குறித்து எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

இந்த வசதி எல்லாக் கணினியிலும் உண்டா?

இயக்கப்படும் கணினியில் விண்டோஸ் ‘ப்ரோ’, ‘என்டர்பிரைஸ்’ அல்லது ‘எஜுகேஷன்’ பதிப்பு இருக்க வேண்டும். வீட்டிலுள்ள கணினிக்கு ‘ஹோம்’ பதிப்பே போதும்.

பெரிய கோப்பைத் திறந்தால் இணையம் அதிகம் செலவாகுமா?

ஆகாது. கோப்பு அலுவலகக் கணினியிலேயே இருக்கும். திரைக் காட்சி மட்டுமே வீட்டுக்கு வரும். கோப்பை வீட்டுக் கணினிக்கு நகலெடுத்தால்தான் அதன் அளவு கணக்கில் சேரும்.

அப்படியானால் திரை ஏன் திக்கித் திக்கி வருகிறது?

1920 x 1080 அளவுள்ள திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 32 பிட் வீதம் சுருக்காமல் அனுப்பினால், விநாடிக்கு 1 மெகாபிட் இணைப்பில் ஒரே ஒரு காட்சி வந்துசேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புவதால்தான் வேலையே நடக்கிறது. அங்கே வீடியோவோ அசையும் விளம்பரமோ ஓடினால் இந்தச் சிக்கனம் பயனற்றுப் போகும்.

எந்த அமைப்புகளை மாற்றலாம்?

‘ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்’ செயலியில் ‘ஷோ ஆப்ஷன்ஸ்’ அழுத்தி, ‘டிஸ்பிளே’ பகுதியில் திரையளவை 1280 x 720 ஆகக் குறைத்தால் புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கும். அதிகப் பலன் இதில்தான். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ பகுதியில் பின்னணிப் படம், அசைவூட்டம் ஆகியவற்றை நீக்கலாம். ‘பெர்சிஸ்டென்ட் பிட்மேப் கேச்சிங்’ குறியை மட்டும் எடுக்கக் கூடாது. ஒருமுறை வந்த படங்களைச் சேமித்து மீண்டும் பயன்படுத்துவது அதுவே.

10 மெகாபிட் வேகம் இருந்தும், தட்டிய எழுத்து தாமதமாகத் தெரிவது ஏன்?

வேகம் வேறு, தாமதம் வேறு. 35,786 கி.மீ. உயரத்திலுள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் வழி இணைப்பில், விசைத் தட்டல் போய்ப் பதில் வர ஏறத்தாழ அரை விநாடி ஆகும். எந்த அமைப்பாலும் இதைக் குறைக்க இயலாது. நீண்ட கடிதங்களை வீட்டுக் கணினியிலேயே தட்டி, அங்கே ஒட்டுவதே நடைமுறை வழி.

நடுவில் இணைப்பு அறுந்தால் செய்த வேலை போய்விடுமா?

போகாது. அலுவலகக் கணினி அணையாத வரை, திறந்திருந்த செயலிகள் அங்கே அப்படியே இருக்கும். மீண்டும் இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிர்வாகி கால வரம்பு விதித்திருந்தால், அந்த நேரம் கடந்ததும் எல்லாம் மூடப்படும். ‘சைன் அவுட்’ கொடுத்தாலும் அப்படியே.